பேச்சு வராத பிள்ளை

சிந்தேக்குப் பேச்சு வரவில்லை என்று எழுதியது குந்தளாதான். வேறு யார் மேலும் பழி போட முடியாது. அங்கன்வாடிப் பிள்ளைகளின் மதிப்பீட்டு அட்டையில் 'தன் பெயரைச் சொல்கிறது', 'நிறங்களைக் காட்டுகிறது', 'கேட்டதற்குப் பதில் சொல்கிறது' என்று வரிசையாகக் கட்டங்கள் உண்டு. சிந்தேயின் அட்டையில் எல்லாக் கட்டத்திலும் பெருக்கல் குறி போட்டுவிட்டு, கீழே குறிப்புக்கு விட்டிருந்த இடத்தில் குண்டு குண்டான ஒடியா எழுத்தில் எழுதினாள்: 'பேச்சு இல்லை. புத்தி மந்தம். பரிசோதனைக்கு அனுப்பலாம்.'

நல்லது செய்வதாக நினைத்துத்தான் எழுதினாள். டாக்டர் சான்றிதழ் கொடுத்தால் அந்தக் குழந்தைக்கு மாதா மாதம் ஏதோ உதவித்தொகை வரும். பின்னால் ஒரு விடுதிப் பள்ளியில் இடம் கிடைத்தாலும் கிடைக்கும்.

குந்தளா பிசோயிக்கு முப்பத்து மூன்று வயது. கணவன் சூரத்தில் தறி ஓட்டுகிறான். அவள் மாமியாரோடு ரோட்டோரத்து ஊரில் இருக்கிறாள். மேலே மலைச்சரிவில் கந்தா பழங்குடியினர் இருக்கும் கேர்லிகுடாவில் பத்தாவது தேறிய பெண் ஒருத்திகூட இல்லாததால் அங்கன்வாடிப் பணியாளர் வேலை கீழேயிருந்த இவளுக்கு வந்தது. ஆறு வருஷமாகத் தினமும் நாலு கிலோமீட்டர் சைக்கிளைப் பாதி மிதித்தும் பாதி தள்ளியும் போய் வருகிறாள். நேரம் தவற மாட்டாள். பிள்ளைகளுக்கு வரும் முட்டையில் ஒன்றைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை. புத்தகத்தில் இருந்த பாட்டையெல்லாம் அபிநயத்தோடு பாடுவாள். கேர்லிகுடாப் பிள்ளைகள் இருபத்திரண்டும் சுவரோரமாக உட்கார்ந்து அவளைப் பார்க்கும். சில பிள்ளைகள் வாயசைக்கும். சோறு வந்ததும் சாப்பிடும். சாப்பிட்டதும் வாசலைத் தாண்டி ஓடும்; ஓடும்போது மட்டும் கத்தும். மலைப்பிள்ளைகள் கொஞ்சம் மக்கு என்று குந்தளா யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

வீட்டில் அந்தப் பிள்ளைகள் பேசுவது குவி மொழி. குந்தளா பாடுவது ஒடியா. இது அவளுக்குத் தெரியாத விஷயம் இல்லை. அதில் யோசிக்க ஏதாவது இருக்கிறது என்றுதான் தோன்றவில்லை. சின்னப் பிள்ளைகள், கேட்கக் கேட்க வந்துவிடும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

மாசி கடைசியில் பிளாக் அலுவலகம் இருக்கும் ஊரில், கல்யாண மண்டபத்தில், மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கொடுக்கும் முகாம் நடந்தது. சிந்தேயையும் அவள் அம்மா அர்லுவையும் கூட்டிக்கொண்டு குந்தளா ஜீப் ஏறினாள். பிள்ளையைத் தூக்க ஒரு ஆள் வேண்டுமே என்று ராயிலேயையும் அழைத்துக்கொண்டாள். ராயிலே அங்கன்வாடியில் உதவியாளர். கேர்லிகுடாக்காரி, நாற்பதை நெருங்குகிறவள்; ஆனாலும் குந்தளாவைத் தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவாள். கூட்டுவது, சமைப்பது, தட்டுக் கழுவுவது, மூக்குச் சிந்திவிடுவது எல்லாம் அவள் வேலை. சம்பளம் குந்தளாவின் சம்பளத்தில் பாதி.

மண்டபத்தில் டோக்கன் நாற்பத்தொன்று. மூன்று சக்கர வண்டிகளும் கட்டைக்கால்களும் காது மெஷின்களுமாக ஒரே கூட்டம். அர்லு ஜாக்கெட் இல்லாத தோளில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூணோரம் நின்றாள். குந்தளா வரிசையில் இடம் பிடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் பின்பக்கம் போனாள். அங்கே படிக்கட்டில் ராயிலே உட்கார்ந்திருந்தாள். மடியில் சிந்தே.

சிந்தே பேசிக்கொண்டிருந்தாள்.

ஒரு வார்த்தை இரண்டு வார்த்தை இல்லை. கையை விரித்து, கண்ணை உருட்டி, குரலை மாற்றி மாற்றி, நடுவில் எழுந்து நின்று எதையோ நடித்துக் காட்டி, மறுபடி உட்கார்ந்து மூச்சுவிடாமல் பேசினாள். ராயிலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். குந்தளா கையில் டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன சொல்றா?" என்றாள்.

அவளைப் பார்த்ததும் சிந்தேயின் வாய் டப்பென்று மூடிக்கொண்டது.

"அது ஒண்ணுமில்ல தீதி," ராயிலே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஜீப்புல சீட்டுக்கு அடியில ஒரு ஆட்டைக் கட்டி வச்சிருந்தாங்கல்ல, அது எதுத்தாப்புல உக்காந்திருந்த போலீஸ்காரன் பூட்ஸுல ஒண்ணுக்குப் போயிடுச்சாம். அவன் தன் காலுதான் வேர்க்குதுன்னு நெனச்சு காத்து வர்ற பக்கம் காலை நீட்டினானாம். நாம யாரும் பாக்கல, இவ பாத்திருக்கா."

"இவ எப்பவுமே இப்படிப் பேசுவாளா?"

"பேசுவாளாவா? தூங்கும்போது மட்டும்தான் நிறுத்துவா."

"ஏன் இத்தனை நாள் எங்கிட்டச் சொல்லல நீ?"

"நீ கேக்கவே இல்லையே தீதி." ராயிலேயின் சிரிப்பு அடங்கிவிட்டது. "அட்டையில என்ன எழுதுனேன்னு எனக்கெப்படித் தெரியும்? கண்ணு காட்டணும், பல்லு காட்டணும், அதுக்குத்தான் கூட்டிட்டு வர்றோம்னு நெனச்சேன்."

அதற்குள் நாற்பத்தொன்று என்று கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டர் காலையிலிருந்து நாற்பது பேரைப் பார்த்த களைப்பில் இருந்தார். சிந்தேயை மேஜை மேல் உட்காரவைத்து, காதுக்குப் பின்னால் கைதட்டினார்; திரும்பினாள். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு ஒடியாவில், "உன் பேரு என்னம்மா? இது என்ன நிறம்? அம்மா பேரு சொல்லு," என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சிந்தே அவருடைய மூக்கையே பார்த்தாள். டாக்டர் அட்டையைப் பார்த்தார், குந்தளாவின் குறிப்பைப் படித்தார், படிவத்தை இழுத்து எழுத ஆரம்பித்தார்.

"சார், எழுதாதீங்க," என்றாள் குந்தளா.

"ஏன்?"

"நான் தப்பா எழுதிட்டேன் சார். பிள்ளை பேசுது."

"இப்பப் பேசலையே."

"அது குவியில பேசுது சார். எனக்குத்தான் புரியல."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். டாக்டர் பேனாவை மூடவில்லை. மனசு மாறி நாளைக்கு மறுபடி வந்து நிற்கக் கூடாது என்றார். குந்தளா தலையாட்டினாள். அவர் படிவத்தைக் குறுக்கே கோடு போட்டுத் தள்ளிவைத்து, நாற்பத்திரண்டைக் கூப்பிடச் சொன்னார்.

திரும்பும் ஜீப்புக்காகப் புளியமரத்தடியில் காத்திருந்தபோது அர்லு பேச்சை எடுத்தாள். சந்தைக்குப் போய்வருகிறவள், ஒடியா தட்டுத்தடுமாறி வரும்.

"அந்த ஆளு என்ன எழுத இருந்தாரு?"

குந்தளா மழுப்ப நினைத்தாள். ராயிலே பார்த்துக்கொண்டிருந்தாள். முடியவில்லை. "சிந்தேக்குப் பேச்சும் வராது, புத்தியும் கம்மின்னு ஒரு சீட்டு," என்றாள்.

"யாரு சொன்னது?"

"நான்தான்."

அர்லு மகளின் காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்.

"நீ எங்க ஊருக்கு வந்து எத்தனை வருஷம் ஆச்சு?"

"ஆறு."

"எங்க பேச்சு உனக்கு எவ்வளவு வரும்?"

குந்தளா மனசுக்குள் தேடினாள். வா. உட்கார். சாப்பிடு. சும்மா இரு. அவ்வளவுதான் இருந்தது. அதைச் சொன்னாள்.

"ஆறு வருஷத்துல நாலு வார்த்தை," என்றாள் அர்லு. "அப்ப உனக்கு யாரு சீட்டு எழுதுனது?"

ஜீப்பில் நாலு பேரும் நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்கள். சிந்தே ராயிலேயின் காதில் கிசுகிசுவென்று ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள்.

மறுநாளிலிருந்து சிந்தே அங்கன்வாடிக்கு வரவில்லை.

ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. இலுப்பைப் பூ கொட்டும் காலம். அர்லு விடியுமுன் கூடையோடு மரத்தடிக்குப் போய்விடுவாள், பிள்ளையும் கூடவே போய்விடும். குந்தளா வழக்கம்போல் பாடினாள். ஆனால் பாட்டு நடுவில் நின்று நின்று போயிற்று. சுவரோரம் உட்கார்ந்திருந்த இருபத்தொரு முகங்களை அவள் இப்போதுதான் பார்த்தாள். மக்கு முகங்களாகத் தெரியவில்லை. வெளியூர் பஸ் ஸ்டாண்டில் மொழி தெரியாமல் உட்கார்ந்திருக்கிறவர்களின் முகம்போல இருந்தது. மரியாதையாக, பொறுமையாக, எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிற முகம்.

மூன்றாவது வாரம் அவள் அர்லுவைத் தேடிப் போனாள். போகுமுன் ராயிலேயிடம் கேட்டு ஒரு வாக்கியத்தைக் குவியில் மனப்பாடம் செய்திருந்தாள். வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனாள். அர்லு மரத்தடியில் பூக்களைப் பாயில் பரப்பிக்கொண்டிருந்தாள். குந்தளா எதிரில் போய் நின்று, 'தப்பு என்னுடையது, பிள்ளையுடையது இல்லை' என்பதைச் சொல்லி முடித்தாள்.

அர்லு சிரிக்கவில்லை. நடுவிலிருந்த ஒரு வார்த்தையைத் திருத்தினாள். "இப்பச் சொல்லு."

குந்தளா மறுபடி சொன்னாள்.

"ராயிலே சொல்லிக் குடுத்தாளா?"

"ஆமா."

"உனக்கே அவ சொல்லிக் குடுத்துட்டா. அப்ப எம்பொண்ணுக்கும் அவளே சொல்லிக் குடுக்கட்டும். நாளைக்கு அனுப்புறேன். நீ பாடு, வேணாங்கல. ஆனா பிள்ளைகிட்ட அவ பேசட்டும்."

இதை ராயிலேயிடம் சொன்னபோது அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

"எனக்கு எழுத்தே தெரியாது தீதி! என்னைக் கேலி பண்றீங்களா எல்லாரும்?"

"மூணு நாலு வயசுப் பிள்ளைக்கு எழுத்து எதுக்கு? நம்ம புத்தகத்துல என்ன இருக்கு? பெருசு சின்னது, கூட குறைய, மேல கீழ, கதை, ஆட்டம். இதுல எது உனக்குத் தெரியாது?"

"அப்ப சோறு யாரு ஆக்குவா?"

"நான் ஆக்குறேன்."

ராயிலே அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயா? எங்க வீட்டுப் பிள்ளைங்க தட்டை நீ கழுவுவியா?"

"கழுவுறேன்."

அப்படித்தான் ஆயிற்று. சாயங்காலம் குந்தளா செயல்பாட்டுப் புத்தகத்தை ஒடியாவில் படித்துச் சொல்வாள்; ராயிலே கேட்டுவிட்டு, "இது ஆகாது, நம்ம பிள்ளை டிராபிக் லைட்டை எங்க கண்டுச்சு?" என்று தள்ளுவாள், "இதைப் புளியங்கொட்டையில பண்ணலாம்," என்று எடுத்துக்கொள்வாள். மறுநாள் காலையில் அறைக்குள் அவள், அடுப்படியில் குந்தளா. முதல் நாள் பருப்பும் காயும் சேர்த்து வேகவைத்த தால்மா அடிப்பிடித்துவிட்டது. ஒரு நாலு வயசு வாண்டு தட்டை அப்படியே கொண்டுவந்து அவள் முன்னால் வைத்து ஏதோ சொல்லிவிட்டுப் போனான். "என்னவாம்?" என்று கேட்டதற்கு ராயிலே சொல்ல மறுத்துவிட்டாள்.

ஆனால் உள்ளே சத்தம் கேட்டது. ஆறு வருஷத்தில் முதல்முறையாக அந்த ஓட்டுக் கட்டடத்துக்குள் பிள்ளைகளின் சத்தம். ராயிலே கொட்டைகளையும் விதைகளையும் கொட்டிவைத்து இனம் பிரிக்கச் சொல்வாள். அதில் தகராறு வரும். தகராறுக்குக் காரணம் கேட்பாள். ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஏன், எப்படி, அப்புறம் என்ன ஆச்சு என்று அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். குந்தளா அடுப்பை ஊதிக்கொண்டே காதைக் கொடுத்திருப்பாள். 'இல்லு' என்றால் வீடு, 'மீனு' என்றால் மீன் என்று அவளும் சேர்த்துக்கொண்டாள். ஒருநாள் உள்ளே போய், எல்லாரும் வட்டமாக உட்காருங்கள் என்று குவியில் சொல்ல நினைத்து, எல்லாரும் அடைகாத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித் தொலைத்தாள். அன்று மத்தியானம்வரை இருபத்திரண்டு பிள்ளைகளும் கொக்கரித்தன. அதில் பெரிய சத்தம் சிந்தேயுடையது.

கீழ் ஊரில் செய்தி பரவாமல் இருக்குமா? "பிசோயி வீட்டு மருமக கந்தா வீட்டு எச்சித் தட்டைக் கழுவுறாளாமே," என்று குழாயடியில் கேட்டார்கள். மாமியார் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதுகூடப் பரவாயில்லை. கேர்லிகுடாவிலேயே முணுமுணுப்பு வரும் என்று குந்தளா எதிர்பார்க்கவில்லை.

அர்லுவின் கணவன் டம்பு நாலு ஆண்களோடு வந்து வாசலில் நின்றான். கோபமாக இல்லை, ஆனால் விடுவதாகவும் இல்லை.

"தீதி, குவி பேச நாங்க வீட்லயே சொல்லிக் குடுத்துக்குவோம். அதுக்கு எதுக்கு கவர்மெண்ட்டு? பிள்ளையை இங்க அனுப்புறது ஒடியா கத்துக்கத்தான். சந்தையில வியாபாரி ஒடியாவுல கணக்கு சொல்றான், நாங்க தலையாட்டிட்டு வர்றோம். அஞ்சு படி இலுப்பைப் பூவை நாலுங்கறான். நாளைக்கு எம்பொண்ணும் தலையாட்டணுமா?"

அவன் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை என்று குந்தளாவுக்குத் தெரிந்தது. "கொஞ்ச நாள் குடு டம்பு," என்று மட்டும் சொன்னாள்.

அந்தக் கொஞ்ச நாளுக்குள் மேற்பார்வையாளர் வந்துவிட்டார். ஸ்வர்ணமயி மேடத்துக்கு இருபத்தெட்டு அங்கன்வாடிகள். ஸ்கூட்டரிலேயே பாதி வாழ்க்கை. சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றபோது குந்தளா கரி அப்பிய கையோடு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே ராயிலே பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து மலை ஏறும் ஆட்டுக்கூட்டம் விளையாடிக்கொண்டிருந்தாள். மேடத்தைக் கண்டதும் ராயிலே அலறியடித்துக் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். பிள்ளைகள் மேய்ப்பன் இல்லாத ஆடுகளாக நின்றன.

"இங்க யாரு டீச்சர்? யாரு சமையல்?" என்று கேட்டார் மேடம்.

குந்தளா எல்லாவற்றையும் சொன்னாள். முகாமில் நடந்ததையும் சொன்னாள். மேடம் வெயிலில் கறுத்த முகத்தைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே கேட்டார். பிறகு வருகைப் புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டுப் போனார். பத்து நாளில் குந்தளாவுக்கு மெமோ வந்தது. பணியாளர் தன் பணியைப் படிக்காத உதவியாளரிடம் ஒப்படைத்தது ஏன்?

அலுவலகத்தில் அதிகாரி அவளை அரைமணி நேரம் நிற்கவைத்தார். விதி விதிதான் என்றார். பாடம் பணியாளர் நடத்த வேண்டும், சமையல் உதவியாளர் செய்ய வேண்டும், இன்னொரு முறை மாறினால் வேலை போகும். குந்தளா தைரியத்தைத் திரட்டிக்கொண்டு, "ராயிலேவுக்கும் பயிற்சி குடுத்து, சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டினா என்ன சார்?" என்று கேட்டாள். அவர் அதைப் பகடியாக எடுத்துக்கொண்டு சிரித்தார்.

வெளியே வராந்தாவில் ஸ்வர்ணமயி மேடம் ஸ்கூட்டர் சாவியைத் திருகிக்கொண்டு நின்றிருந்தார்.

"எம்மேல கோவமா குந்தளா?"

"இல்ல மேடம்."

"இருக்கட்டும், இருக்கும். நான் எழுதாம விட்டு வேற யாராவது பாத்திருந்தா ரெண்டு பேருக்கும் வேலை போயிருக்கும்." குரலைத் தாழ்த்தினார். "நீ பண்ணதுல பாடம் தப்பில்ல, அடுப்புதான் தப்பு. தாய்மார் கமிட்டின்னு ஒண்ணு உன் ரெஜிஸ்டர்ல இருக்கா?"

"இருக்கு மேடம். ஆறு வருஷமா கைநாட்டு வாங்குறேன்."

"கைநாட்டு மட்டும் வாங்காம கையையும் வாங்கு. ராயிலே பருப்பு அளந்து குடுத்து, ருசி பாத்து எறக்கட்டும். நடுவுல கிளறுறது அம்மாங்க செய்யலாம், விதியில இடம் இருக்கு. நீ உள்ள இரு. நீ உள்ள இருக்கும்போது உதவியாளர் உனக்கு உதவி பண்ணினா யாரு கேப்பா?"

குந்தளா அன்று சைக்கிளை மிதித்தே மலை ஏறினாள்.

பருப்புக் கிளற முதலில் வந்தவள் அர்லு. வாரத்தில் ஒருநாள் அவள், ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி என்று முறை வைத்துக்கொண்டார்கள். அடுப்படியில் பெண்கள் சேர்ந்ததும் அறைக்குள் என்ன நடக்கிறது என்று எட்டிப்பார்க்கத் தொடங்கினார்கள். ராயிலே ஒரு கதையைத் தப்பாகச் சொன்னால் வெளியிலிருந்தே திருத்தினார்கள். "பொத்திக்கிட்டுப் பருப்பைக் கிளறு," என்று அவள் உள்ளேயிருந்து கத்துவாள்.

டம்புவுக்குச் சொல்ல வேண்டிய பதிலைக் குந்தளாவும் ராயிலேயும் சேர்ந்து யோசித்தார்கள். ராயிலேதான் சொன்னாள்: "அவன் கேட்டது சந்தை. சந்தையையே கொண்டுவந்து வச்சிட்டா?"

அறையின் ஒரு மூலையில் சந்தை போட்டார்கள். இலைகளும் விதைகளும் கூழாங்கல்லும் சரக்கு. கொட்டாங்கச்சி படி. முதல் சில நாள் ராயிலே குவியில் நடத்தினாள். அளப்பது, எண்ணுவது, பேரம், சண்டை எல்லாம். பிள்ளைகளுக்கு ஆட்டம் பிடிபட்டதும் ஒருநாள் குந்தளா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வியாபாரியாக உள்ளே நுழைந்தாள். வியாபாரிக்கு ஒடியா மட்டும்தான் தெரியும். அவன் ஏமாற்றுவான். அவனை அவன் பேச்சிலேயே மடக்க வேண்டும். என்ன சொல்வது என்று தெரியாமல் பிள்ளை திகைத்தால் ராயிலே பின்னாலிருந்து குவியில் விளக்கி, ஒடியா வார்த்தையைக் காதில் போடுவாள்.

ஆடி பிறக்குமுன் ஒரு மழை நாள். வயலில் வேலை நின்றுவிட்டதால் ஆண்களும் வாசலில் ஒதுங்கியிருந்தார்கள். குந்தளா துண்டைக் கட்டிக்கொண்டு சிந்தேயின் கடைக்கு முன்னால் குந்தினாள். கொட்டாங்கச்சியால் விதையை அளந்தாள். கடைசிப் படியை மடியில் தள்ளிக்கொண்டாள்.

"நாலு," என்றாள் ஒடியாவில்.

"அஞ்சு," என்றாள் சிந்தே, அதே ஒடியாவில்.

"நாலுதாம்மா. கண்ணு தெரியலையா உனக்கு?"

"எனக்குத் தெரியுது. உன் மடியில ஒண்ணு இருக்கு. எடு வெளிய!"

வியாபாரி எழுந்து ஓடப் பார்த்தான். மொத்தச் சந்தையும் எழுந்து அவன் சேலையைப் பிடித்து இழுத்தது. ராயிலே மூலையில் சரிந்து சிரித்தாள். வாசலில் அர்லு கரண்டியோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டம்பு உள்ளே வந்தான். மகளையும் விதையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு குந்தளாவிடம் சொன்னான்:

"அந்த வியாபாரி மாதிரியே பண்ற தீதி. முன்னாடியே பழக்கமோ?"

அதற்குப் பிறகு குவி எதற்கு என்று யாரும் வந்து கேட்கவில்லை.

ஸ்வர்ணமயி மேடம் இரண்டு முறை வந்து பார்த்தார். மூன்றாவது முறை, மாதாந்திரக் கூட்டத்துக்கு ராயிலேயையும் கூட்டி வரச் சொன்னார். உதவியாளர்களை அந்தக் கூட்டத்துக்கு அழைப்பது வழக்கமில்லை. இருபத்தெட்டுப் பணியாளர்களும் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, ராயிலே கதவோரம் தரையில் உட்கார்ந்தாள். அந்த ஆட்டத்தைக் கொஞ்சம் செய்து காட்டு என்று மேடம் சொன்னதும் அவளுக்கு வேர்த்துவிட்டது. எழுந்தாள். குந்தளாவைப் பார்த்தாள். அவள் சின்னதாகத் தலையசைத்தாள்.

ராயிலே குவியிலேயே ஆரம்பித்தாள். எழுந்திருங்கள், ஜோடி சேருங்கள், சிவப்பு விதையை இந்தப் பக்கம் வையுங்கள் என்றாள். ஏழெட்டுப் பேரைத் தவிர மற்றவர்கள் அசையவில்லை. அவள் மறுபடி சொன்னாள், இன்னும் மெதுவாக, இன்னும் சத்தமாக. சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி அசட்டுச் சிரிப்புச் சிரித்தாள். ராயிலே முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாவிடம் போய்க் குனிந்து, அன்பாக, அவர் பெயரைக் கேட்டாள். அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. முகம் சிவந்துவிட்டது.

"சரி, உக்காருங்க," என்றாள் ராயிலே, தன் உடைந்த ஒடியாவில். "கோவிச்சுக்காதீங்க. எங்க பிள்ளைங்க தினமும் இப்படித்தான் உக்காந்திருந்துச்சு."

குந்தளா தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம் ராயிலே ஆட்டத்தை இரண்டு மொழியிலும் நடத்திக் காட்டினாள். கடைசியில் அவர்களும் கத்திச் சிரித்துத்தான் கலைந்தார்கள்.

அந்த இருபத்தெட்டில் ஐந்து இடங்களில் இதைச் செய்து பார்த்தார்கள். ஒரு இடத்தில் பணியாளருக்கும் உதவியாளருக்கும் ஒத்துவராமல் நின்றுபோயிற்று. மீதி நாலில் நடக்கிறது. ராயிலேயின் சம்பளம் பாதியாகவேதான் இருக்கிறது. குந்தளா வருஷத்துக்கு ஒரு மனு எழுதுகிறாள்; பதில் வரவில்லை.

சிந்தேயும் இன்னும் நாலு பிள்ளைகளும் அடுத்த வருஷம் ஓடைக்கு அக்கரையிலுள்ள பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார்கள். பத்து நாள் கழித்துக் குந்தளா அங்கே போய்ப் பார்த்தாள். ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் அவளை வராந்தாவிலேயே பிடித்துக்கொண்டார்.

"இந்த வருஷம் என்ன உங்க பிள்ளைங்க இப்படி இருக்குதுங்க? நான் ஒரு வார்த்தை சொன்னா ஒன்பது கேள்வி. அதுவும் அந்தச் சின்னவ, நான் போர்டுல ஆறு ஆட்டை வரைஞ்சிட்டு ஏழுன்னு சொன்னேன்னு எழுந்து நின்னுட்டா. மத்த பிள்ளைங்களுக்கு அவ குவியில எடுத்துச் சொல்ல, மொத்தக் கிளாஸும் கைகொட்டுது."

"ஏழு இருந்துச்சா சார், ஆறு இருந்துச்சா?" என்று கேட்டாள் குந்தளா.

அவர் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்துவிட்டு, "ஆறுதான்," என்றார். பிறகு அவரும் சிரித்துவிட்டார்.

குந்தளா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். இரண்டாவது வரிசையில் சிந்தே பக்கத்துப் பெண்ணின் சிலேட்டைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டு அவளுக்கு எதையோ மும்முரமாக விளக்கிக்கொண்டிருந்தாள். ஜன்னலில் நின்ற தீதியை அவள் கவனிக்கவே இல்லை. கூப்பிடலாமா என்று குந்தளா நினைத்தாள். பேச்சு முடிகிற மாதிரி தெரியவில்லை. ஓடையில் தண்ணீர் ஏறுவதற்குள் இக்கரைக்குப் போய்விட வேண்டும் என்று கிளம்பிவிட்டாள்.